கொள்ளைக் காய்ச்சல் வந்தால் குழாயில் தண்ணீர் வருமா?

காலையில் எழுகிறோம். குழாயைத் திறக்கிறோம். தண்ணீர் வருகிறது. பால்காரர் வருகிறார். பேருந்து வருகிறது. ரேஷன் கடை திறக்கிறது. மாலையில் விளக்கு எரிகிறது.

இவை தாமாக நடப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். பம்பை ஓட்ட ஓர் ஆள். பாலை அளக்க ஓர் ஆள். மின்கம்பியைச் சரிபார்க்க ஓர் ஆள்.

அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும்? ஒருவருக்கு வந்தால் சமாளிக்கலாம். ஊரில் பத்துப் பேரில் மூன்று பேர் ஒரே வாரத்தில் படுத்துவிட்டால்?

அப்போது எப்படிச் சமாளிப்பது என்பதுதான் இந்தப் பாடம்.

1. ஃப்ளூ காய்ச்சல் என்றால் என்ன?

இன்ஃப்ளூயன்சா என்பது ஒரு தொற்று நோய். சுருக்கமாக ஃப்ளூ என்கிறோம். வைரஸ் என்னும் மிக நுண்ணிய கிருமியால் வருகிறது. காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடம்பு வலி, தலைவலி ஆகியவை இதன் அறிகுறிகள்.

நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் சிறு துளிகள் பறக்கின்றன. அவற்றில் கிருமி இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் அதைச் சுவாசித்தால் நோய் தொற்றும். துளி பட்ட பொருளைத் தொட்ட கையால் மூக்கையோ வாயையோ கண்ணையோ தொட்டாலும் தொற்றும்.

ஒன்றைக் கவனியுங்கள். காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பே நோயாளி மற்றவருக்கு நோயைக் கொடுக்கலாம். காய்ச்சல் தொடங்கிய பிறகும் ஐந்து முதல் ஏழு நாள் வரை கொடுக்கலாம்.

ஃப்ளூ ஆண்டுதோறும் வருகிறது. பெரும்பாலோர் ஒரு வாரத்தில் குணமாகிறார்கள். ஆனால் சில நேரங்களில் முற்றிலும் புதிய வகைக் கிருமி தோன்றுகிறது. பறவைகளிடம் அல்லது பன்றிகளிடம் இருந்த கிருமி மாறுதல் அடைந்து மனிதரிடம் வருகிறது. நம் உடம்புக்கு அது பழக்கம் இல்லை. அதனால் நாடு நாடாக வேகமாகப் பரவுகிறது. இதைத்தான் கொள்ளைநோய் என்கிறோம். பெருந்தொற்று என்றும் சொல்வார்கள்.

இப்படிப் பலமுறை நடந்திருக்கிறது. 1918, 1957, 1968, 2009 ஆகிய ஆண்டுகளில் ஃப்ளூ உலகம் முழுவதும் பரவியது. இனியும் வரும். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

2. பம்பாயில் நடந்தது என்ன?

1918-ஆம் ஆண்டு. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. போர்வீரர்களை ஏற்றிய கப்பல்கள் பம்பாய்த் துறைமுகத்துக்கு வந்து போயின. இன்று அந்த நகரத்தின் பெயர் மும்பை.

ஜூன் 10-ஆம் தேதி துறைமுகத்தில் காவல் பார்த்த ஏழு போலீஸ் சிப்பாய்கள் காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அது மலேரியா இல்லை. அடுத்த சில நாட்களில் துறைமுகத் தொழிலாளர்கள் படுத்தார்கள். பிறகு கப்பல் கம்பெனியில் வேலை செய்தவர்கள். பிறகு வங்கி ஊழியர்கள், தந்தி அலுவலக ஊழியர்கள், நாணயச் சாலைத் தொழிலாளர்கள், நூற்பாலைத் தொழிலாளர்கள்.

இந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை படியுங்கள். நோய் முதலில் எங்கே பரவியது? மக்கள் கூடி வேலை செய்யும் இடங்களில் பரவியது.

கப்பல்தான் நோயைக் கொண்டு வந்தது என்றார் நகராட்சியின் சுகாதார அதிகாரி. கப்பலில் வந்தவர்களுக்கு இந்த ஊரில்தான் நோய் தொற்றியது என்றது அரசாங்கம். வாதம் நடந்தது. நோய் இரயில் ஏறி நாடெங்கும் போனது.

ஜூன் மாதம் வந்த முதல் அலையில் சாவு அதிகம் இல்லை. நோய் அடங்கியது போலத் தோன்றியது. செப்டம்பரில் இரண்டாம் அலை வந்தது. இது மிகக் கொடியது. அக்டோபர் 6-ஆம் தேதி ஒரே நாளில் பம்பாய் நகரத்தில் 768 பேர் இறந்தார்கள்.

மருத்துவர்கள் பலர் போருக்குப் போயிருந்தார்கள். அந்த ஆண்டு மழையும் பொய்த்தது. தானிய விலை ஏறியது. பசித்த உடம்பில் நோய் எளிதாக வென்றது.

சாவிலும் ஏற்றத்தாழ்வு இருந்தது. பம்பாயில் இருந்த ஐரோப்பியரில் ஆயிரம் பேருக்கு 8 பேர் அளவில் இறந்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதி மக்களில் ஆயிரம் பேருக்கு 61 பேருக்கு மேல் இறந்தார்கள். கிருமி சாதி பார்க்கவில்லை. நெருக்கமான குடிசை, குறைவான உணவு, ஓய்வு எடுக்க முடியாத நிலை ஆகியவை மக்களைக் கொன்றன.

இந்தியா முழுவதும் ஒரு கோடிக்கும் அதிகமானோர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பலர் 20 முதல் 40 வயது உள்ளவர்கள். அதாவது உழைக்கும் வயதினர்.

அந்த இருண்ட நாட்களிலும் ஒரு வெளிச்சம் இருந்தது. சமூக சேவைச் சங்கங்கள் வீதிக்கு வந்தன. மருந்து கொடுத்தன. பால் கொடுத்தன. கம்பளி கொடுத்தன. நோயாளியின் வீடு தேடிப் போய் உதவின.

3. புனேயும் கொரோனாவும்

2009-இல் மீண்டும் ஒரு புதிய ஃப்ளூ வந்தது. பன்றிக் காய்ச்சல் என்று மக்கள் அழைத்தார்கள். இந்தியாவில் முதல் சாவு ஆகஸ்ட் மாதம் புனே நகரத்தில் நடந்தது. நகரம் பயந்தது. பள்ளிகளும் சினிமா அரங்குகளும் சில நாட்கள் மூடப்பட்டன. சோதனை செய்துகொள்ள மருத்துவமனை வாசலில் நீண்ட வரிசை நின்றது. நோய் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே வரிசையில் நின்றால் என்ன ஆகும்? வரிசையே நோயைப் பரப்பும்.

2020-இல் கொரோனா வந்தது. அது ஃப்ளூ இல்லை. வேறு வகை வைரஸ். ஆனால் அதுவும் துளியாலும் மூச்சாலும் பரவியது. மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. வேலை நின்றது. கூலி நின்றது. நகரங்களில் இருந்த தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் சொந்த ஊருக்கு நடந்தார்கள்.

அப்போதும் சில வேலைகள் நிற்கவில்லை. தண்ணீர், மின்சாரம், பால், மருந்துக் கடை, ரேஷன் கடை, வங்கி, துப்புரவு ஆகியவை தொடர்ந்தன. ஏப்ரல் முதல் ஏழைக் குடும்பங்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசமாகக் கிடைத்தது. அந்தத் தானியம் வீட்டுக்கு வந்தது எப்படி? மூட்டை தூக்கியவரும், லாரி ஓட்டியவரும், கடையைத் திறந்தவரும் வேலைக்கு வந்ததால்தான்.

4. புதிய தடுப்பூசி வரும் வரை

புதிய ஃப்ளூவுக்குத் தடுப்பூசி செய்ய முடியும். ஆனால் அதைச் செய்து முடிக்கச் சுமார் ஆறு மாதம் ஆகும். பிறகு அது நம் ஊருக்கு வந்து சேர வேண்டும். அதுவரை நம்மைக் காப்பது நம்முடைய ஏற்பாடுதான்.

நோய் உச்சத்தில் இருக்கும்போது பத்துப் பேரில் மூன்று அல்லது நான்கு பேர் வேலைக்கு வர முடியாமல் போகலாம். பல நாடுகள் இப்படி வைத்துத்தான் திட்டம் போடுகின்றன. வராதவர்கள் எல்லோரும் நோயாளிகள் அல்ல. சிலர் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்வார்கள். சிலர் பள்ளி மூடியதால் குழந்தையோடு இருப்பார்கள்.

ஆகவே இரண்டு கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை வேண்டும்.

ஒன்று: எந்த வேலை நிற்கவே கூடாது? அதைச் செய்ய இரண்டாம் ஆள் யார்?

இரண்டு: நோயுற்றவர் வீட்டில் படுத்திருக்க முடியுமா? அவர் வீட்டு அடுப்பு எரியுமா?

5. ஓர் ஊர்க் கூட்டம்

கற்பனையாக ஓர் ஊரை நினைத்துக்கொள்வோம். அந்த ஊரில் இன்னும் நோய் வரவில்லை. ஊராட்சித் தலைவர் ஒரு பெண். அவர் ஒரு கூட்டம் கூட்டினார். பம்பு ஓட்டுபவர், ரேஷன் கடை விற்பனையாளர், பால் சங்கச் செயலாளர், தையல் கூடம் நடத்தும் அம்மா, கிராம செவிலியர் ஆகியோர் வந்தார்கள்.

தலைவர்: “அண்ணே, உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் ஊருக்கு யார் தண்ணீர் விடுவார்கள்?”

பம்பு ஓட்டுபவர்: “நான்தான் விடுவேன், தலைவரம்மா. பதினெட்டு வருசமாக ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சல் வந்தாலும் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன்.”

செவிலியர்: “அங்கேதான் ஆபத்து, அண்ணே. மாத்திரை போட்டால் காய்ச்சல் இறங்கும். கிருமி இறங்காது. குழாயடியில் நிற்கிற பத்துப் பேருக்கும் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள்.”

பம்பு ஓட்டுபவர்: “நான் வராவிட்டால் தொட்டி நிரம்பாதே, அம்மா. எந்த வால்வை முதலில் திறக்க வேண்டும் என்று வேறு யாருக்குத் தெரியும்?”

யாரும் பேசவில்லை. ஊர் முழுவதும் குடிக்கும் தண்ணீர் ஒரே மனிதரின் தலைக்குள் இருந்தது.

தலைவர்: “அப்படியானால் உங்கள் தலையில் இருப்பதைத் தாளில் எழுதுவோம். ஓர் ஆளுக்குக் கற்றும் கொடுப்போம்.”

பம்பு ஓட்டுபவர் தயங்கினார். “கற்றுக் கொடுத்துவிட்டால் நாளைக்கு என்னை வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்களோ?”

அவர் பயம் நியாயமானது. தலைவர் அதை அலட்சியம் செய்யவில்லை. “உங்கள் வேலை உங்களுடையதுதான். கற்றுக்கொள்பவர் உங்களுக்குத் துணை. நீங்கள் இல்லாத நாளில் மட்டும் ஓட்டுவார். இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம்” என்றார்.

அப்படியே எழுதினார்கள். பம்பு ஓட்டுபவர் தீர்மானத்தைத் தாமே படித்துப் பார்த்தார். பிறகு பக்கத்துத் தெருப் பையனைப் பார்த்து, “தம்பி, நாளைக் காலை ஐந்து மணிக்கு வந்துவிடு” என்றார்.

6. ஒரு தாள் போதும்

மறுநாள் அவர்கள் எழுதிய தாள் இது:

வேலை: ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுதல்
செய்பவர்: பம்பு ஓட்டுபவர்
இரண்டாம் ஆள்: பக்கத்துத் தெருத் தம்பி
மூன்றாம் ஆள்: ஊராட்சி எழுத்தர்
சாவி: ஒன்று ஓட்டுபவரிடம், ஒன்று ஊராட்சி அலுவலகத்தில்
நேரம்: காலை 5 முதல் 8 வரை, மாலை 4 முதல் 6 வரை
முறை: முதலில் மேலத்தெரு வால்வு, பிறகு கீழத்தெரு வால்வு
பிளீச்சிங் பவுடர்: எவ்வளவு, எப்போது, எங்கே இருக்கிறது
பழுது ஏற்பட்டால்: மெக்கானிக், மின்வாரிய அலுவலகத் தொலைபேசி எண்கள்

தாளைப் பம்பு அறைச் சுவரில் ஒட்டினார்கள். இரண்டாம் ஆள் வாரம் ஒரு நாள் தாமே ஓட்டிப் பழகினார். எழுதி வைத்தால் மட்டும் போதாது. செய்து பழக வேண்டும்.

இதே போல ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் எழுதலாம். பால் சங்கத்தில் பாலை அளப்பது, கணக்கு எழுதுவது, கேனை வண்டியில் ஏற்றுவது. ரேஷன் கடையில் மூட்டை இறக்குவது, பில் போடுவது. துப்புரவு, தெருவிளக்கு, சத்துணவு ஆகியவற்றுக்கும் எழுதலாம். எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் இதைச் செய்யலாம். நீங்களும் செய்யலாம்.

7. கூலிக் கணக்கு

தையல் கூடம் நடத்தும் அம்மா கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டார்.

“என்னிடம் ஆறு பெண்கள் தைக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் வராதே என்று சொல்வது எளிது. வராவிட்டால் அவர்களுக்குக் கூலி இல்லை. அதனால் சொல்லாமல் வந்துவிடுவார்கள். கூலி கொடுத்தால் எனக்கு நட்டம். நான் பெரிய முதலாளி இல்லையே.”

செவிலியர்: “அக்கா, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?”

அவர்கள் போட்ட கணக்கு இது. ஒரு நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல். அவர் 5 நாள் வீட்டில் இருக்கிறார். பாதிக் கூலி கொடுத்தால்: 200 × 5 = 1,000 ரூபாய்.

அதே பெண் காய்ச்சலோடு வேலைக்கு வருகிறார். இன்னும் 4 பேருக்குத் தொற்றுகிறது. 5 பேரும் 5 நாள் படுக்கிறார்கள். நின்றுபோன வேலை: 5 × 5 = 25 நாள் வேலை. அதன் கூலி மதிப்பு: 25 × 400 = 10,000 ரூபாய்.

ஆர்டரும் தவறும். ஆறாவது பெண் தனியாகத் தைத்து முடிக்க முடியுமா?

தையல் அம்மா யோசித்தார். “ஆயிரம் ரூபாய் நட்டமா, பத்தாயிரம் ரூபாய் நட்டமா என்றால் ஆயிரம்தான் மேல். ஆனால் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வந்தால் என்னால் தாங்க முடியாது.”

அவர் சொன்னதும் உண்மைதான். அதனால் ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு பெண்ணும் வாரம் 10 ரூபாய் போடுவது. அம்மாவும் வாரம் 60 ரூபாய் போடுவது. வாரத்துக்கு 120 ரூபாய் சேரும். ஓர் ஆண்டில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் சேரும். காய்ச்சல் வந்தவருக்கு அதிலிருந்து பாதிக் கூலி. மகளிர் குழுவில் சேமித்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

பெரிய தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருக்கலாம். விதிப்படி சந்தா கட்டியவருக்கு நோய்க் காலத்தில் கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். ஆண்டுக்கு 91 நாள் வரை பெறலாம். மருத்துவச் சான்று வேண்டும். நீங்கள் அந்தத் திட்டத்தில் இருக்கிறீர்களா? உங்கள் அட்டை எங்கே இருக்கிறது? இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

8. வேலை செய்யும் இடத்தில்

கடை, பட்டறை, அலுவலகம் எதுவானாலும் இவற்றைச் செய்யலாம்.

வாசலில் தண்ணீரும் சோப்பும் வையுங்கள். சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும்.

சன்னல்களைத் திறந்து வையுங்கள். காற்று ஓடினால் கிருமி தங்காது.

எல்லோரையும் ஒரே நேரத்தில் கூட்டாதீர்கள். ரேஷன் கடையில் தெருவுக்கு ஒரு நாள் என்று பிரித்துக் கொடுக்கலாம். பால் சங்கத்தில் இடைவெளி விட்டுக் கோடு போடலாம்.

கைரேகை இயந்திரத்தைப் பலர் தொடுகிறார்கள். தொடும் முன்பும் பின்பும் கை கழுவச் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் காய்ச்சல் உள்ளவர்களுக்குத் தனி வரிசை வேண்டும். இல்லை என்றால் கேளுங்கள்.

இருமும்போது துணியால் அல்லது முழங்கையால் வாயை மூடுங்கள். நோய்க் காலத்தில் முகக்கவசம் அணியுங்கள்.

காய்ச்சல் வந்தவர் வீட்டில் இருக்கட்டும். மாத்திரை போடாமலே காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆன பிறகு வரலாம். இருமல் இருந்தால் மேலும் சில நாள் முகக்கவசம் அணியட்டும்.

சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஒரு மாத மருந்தைக் கையில் வைத்திருப்பது நல்லது.

9. எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

பெரும்பாலோருக்கு ஓய்வும், நிறையத் தண்ணீரும், கஞ்சி போன்ற எளிய உணவும் போதும். ஆனால் கீழ்க்கண்டவை இருந்தால் தாமதம் செய்யக் கூடாது.

மூச்சு வாங்குதல். நெஞ்சு வலி. உதடு நீலமாதல். எழுப்பினாலும் எழாத மயக்கம். காய்ச்சல் விட்டு மீண்டும் கடுமையாக வருதல். குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடத்தல்.

கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியோர் ஆகியோருக்கு ஃப்ளூ கடுமையாக வரலாம். இதய நோய், ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம். இவர்கள் தொடக்கத்திலேயே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஃப்ளூவுக்கு மருந்து உண்டு. முதல் இரண்டு நாளில் தொடங்கினால் நல்ல பலன் தரும். மருத்துவர் சொல்லாமல் எந்த மருந்தையும் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

நினைவில் கொள்வோம்

பம்பாயில் முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் இடையில் சில வாரங்கள் இருந்தன. அவை ஏற்பாடு செய்யக் கிடைத்த நாட்கள். இன்று நமக்கு அதைவிட அதிக நாட்கள் இருக்கலாம்.

ஒரு வேலை ஒரே ஆளின் தலையில் மட்டும் இருக்கக் கூடாது.

நோயாளி வீட்டில் இருக்க வேண்டும் என்றால் அவர் வீட்டில் சோறு இருக்க வேண்டும்.

நோய் வராத நாளில்தான் ஏற்பாடு செய்ய முடியும்.

பேசுவோம்

1. உங்கள் ஊரில் ஒரு நாள்கூட நிற்கக் கூடாத ஐந்து வேலைகள் எவை?

2. பம்பு ஓட்டுபவர் கற்றுக் கொடுக்கத் தயங்கினார். அவர் பயம் சரியா? அந்தப் பயத்தை எப்படிப் போக்கினார்கள்?

3. காய்ச்சலோடு நீங்கள் வேலைக்குப் போனது உண்டா? ஏன் போனீர்கள்?

எழுதுவோம்

நீங்கள் செய்யும் வேலையை ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் பத்து நாள் வரவில்லை என்றால் வேறு ஒருவர் அதைப் படித்து உங்கள் வேலையைச் செய்ய வேண்டும். எழுதிய தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவருக்குப் புரியவில்லை என்றால் எந்த இடத்தில் புரியவில்லை என்று கேளுங்கள். அந்த இடத்தைத் திருத்தி எழுதுங்கள்.

கணக்கு

ஒரு பட்டறையில் 8 பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் வாரம் 15 ரூபாய் சேமித்தால், எல்லோரும் சேர்ந்து 10 வாரத்தில் எவ்வளவு சேமிப்பார்கள்? ஒரு நாள் கூலி 500 ரூபாய். அந்தச் சேமிப்பில் எத்தனை நாளுக்குப் பாதிக் கூலி கொடுக்கலாம்? மீதி எவ்வளவு இருக்கும்?